பிளானோவில் ரோண்டாவின் கடைசி வாரம்

"ரோண்டா வேலையை விட்டுப் போகப்போறாவாம், வத்சலா. நீர் ஒருக்கா வந்து கதைச்சுப் பாரும். நீர் சொன்னா அவ கேப்பா."

டெக்ஸாஸிலிருந்து புஷ்பராணி அக்கா போனில் இப்படிச் சொன்னபோது நான் திருச்சியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை சுதாவின் வீட்டுக்குப் போவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அங்கிருந்து இன்னொரு விமானம் ஏறினால் டெக்ஸாஸ்.

"ஏன்க்கா, திடீர்னு என்ன ஆச்சு?"

"துவக்கு," என்றார் அக்கா. "வேலைக்குத் துவக்கு கொண்டு வரலாமோ எண்டு கேட்டவ. நான் ஏலாது எண்டிட்டன்."

துவக்கு என்றால் யாழ்ப்பாணத்துத் தமிழில் துப்பாக்கி. அக்கா யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். டல்லாஸை அடுத்த பிளானோவில் குழந்தை மருத்துவர். அவருடைய கிளினிக்கின் முன் மேசையில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். என் மகன் கார்த்திக் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதில் ஆரம்பித்து, என் கணவரின் வேலை முடிந்து நாங்கள் ஊர் திரும்பும்வரை. ரோண்டா அங்கே மெடிக்கல் அசிஸ்டன்ட். குழந்தைகளை எடை பார்ப்பது, ஊசி போடுவது, அழுகிறவர்களுக்கு டைனோசார் ஸ்டிக்கர் கொடுப்பது எல்லாம் அவள்தான். டெக்ஸாஸிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண். குரல் தெருமுனை வரை கேட்கும். நாங்கள் மூவரும் ஒரே மைக்ரோவேவில் சாப்பாடு சூடு பண்ணிச் சாப்பிட்டவர்கள். என் புளியோதரையை ரோண்டா 'ஆரஞ்சு ரைஸ்' என்பாள். பேரைத்தான் மாற்றினாளே தவிர, பங்கை விட்டதில்லை.

அவளிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது எங்கள் எல்லோருக்கும் எப்போதும் தெரியும். அதற்காக அவள் வேலையை விட்டுப் போவாள் என்று மட்டும் நான் நினைத்ததில்லை.

*

நியூவர்க்கில் இறங்கி ரயில் பிடித்தேன். சுதா கூப்பிட வருகிறேன் என்றாள். நான்தான் வீராப்பாக, "எனக்குத் தெரியாத ஊரா, பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு நானே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். பெட்டியைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு கண்ணை மூடியதுதான் தெரியும். கண்டக்டர் வந்து தோளைத் தொடாமல், சீட்டைத் தட்டி எழுப்பினார். "பிரின்ஸ்டன் ஜங்ஷன் பின்னால் போய்விட்டது, மேடம். ஆனால் நன்றாகத் தூங்கினீர்கள்."

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, குளிரில் நின்று, சுதாவுக்குப் போன் பண்ணினேன். வந்தவள் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தாள். ஏறியதும், "தெரியாத ஊரா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை எள்ளு பேகல் ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெயில் குழைத்த இட்லி மிளகாய்ப் பொடி தடவிக் கொடுத்தாள். அமெரிக்காவில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த காலை உணவு அது. நான் பிளானோ விஷயத்தைச் சொன்னேன். சுதா சிரித்தாள்.

"அங்க எதுக்கு போற? இங்கயே இருக்கு கூத்து. உங்க மாப்பிள்ளைய கேளு."

சுதாவின் கணவர் ரமேஷ் கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். கரப்பான்பூச்சி வந்தால் சுதாவைக் கூப்பிடுகிறவர். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"லைசென்ஸ் வாங்கிட்டேன்க்கா. கன் கேரி பண்றதுக்கு."

நான் பேகலைத் தட்டில் வைத்தேன். நியூ ஜெர்சியில் முன்பெல்லாம் சாதாரண ஆளுக்கு அந்த அனுமதி கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். இப்போது சட்டம் தளர்ந்துவிட்டதாம். நம் ஆட்களே நிறையப் பேர் வகுப்புக்குப் போய், சுட்டுப் பழகி, வாங்கி வைத்திருக்கிறார்களாம்.

"பக்கத்துத் தெருவுல நகைக்காக வீட்டை உடைச்சாங்கக்கா. நம்ம ஆளுங்க வீட்டுல தங்கம் இருக்கும்னு ஊருக்கே தெரியும். சுதாவும் பொண்ணும் தனியா இருக்காங்க, நான் டிராவல்ல இருக்கேன். என்ன பண்றது சொல்லுங்க."

"டிராவல்ல இருக்கறவர் கையில லைசென்ஸ் இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?" என்றாள் சுதா. "கோயிலுக்குக் கொண்டு போகக் கூடாது. ஸ்கூலுக்குக் கூடாது. ஆபீஸ்ல ஹெச்ஆர் வேண்டாம்னுட்டாங்க. தக்காளி வாங்கப் போறப்ப இடுப்புல வெச்சுட்டுப் போறார்."

சிரித்தோம். ஆனால் ரமேஷ் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். பயந்த மனிதனைக் கேலி பண்ணுவது சுலபம். அவர் எழுந்துபோய் மூன்று பேருக்கும் இன்னொரு காபி போட்டுக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் சான் ஹோசேயிலிருந்து கார்த்திக் கூப்பிட்டான். அவனிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"ரோண்டா ஆன்ட்டியா? ஷி கேவ் மீ ஆல் மை ஷாட்ஸ்!" என்றான். அவனுக்கு எல்லா ஊசியும் போட்டவள் அவள்தான். அப்புறம் அவனுடைய உடைந்த தமிழுக்கு வந்தான். "அம்மா, எங்க ஆபீஸ்ல டிரில் வெச்சாங்க. யாராவது சுட வந்தா லைட் ஆஃப் பண்ணு, டேபிள் கீழ போ, கதவுக்கு எதிர்ல சேர் போடுன்னு. ஒருத்தர்கூட நாங்க கன் வெச்சுக்கறோம்னு கேக்கலை. கேட்டா வேலை போயிடும். அங்க அவங்களுக்கு வேற மாதிரி வளர்ப்பு. நீ போய் என்ன சொல்லப் போற?"

எனக்கும் தெரியவில்லை என்றேன்.

*

டல்லாஸுக்குப் போன விமானம் டல்லாஸில் இறங்கவில்லை. இடி மின்னலோடு மழை. வானத்திலேயே வட்டமடித்துவிட்டு, ஓக்லஹோமாவில் ஒரு மூலையில் இறக்கி நிறுத்திவிட்டார்கள். இறங்கவும் விடவில்லை. பக்கத்து இருக்கையில் அகலத் தொப்பியை மடியில் வைத்திருந்த பெரியவர் வறுத்த பீக்கான் பருப்புப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். பதிலுக்கு நான் சுதா கட்டிக்கொடுத்த ரிப்பன் பக்கோடாவை நீட்டினேன். அவர் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, "இதை யார் செய்தார்களோ அவர்களைக் கட்டிக்கொள்ளத் தயார்" என்றார். கல்யாணமாகிவிட்டது என்றேன். "நல்லவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான்" என்றார். டெக்ஸாஸ் இன்னும் வரவில்லை. ஆனால் டெக்ஸாஸ் பேச்சு வந்துவிட்டது. மனசு லேசானது.

ஒருவழியாக வந்து சேர்ந்தபோது அக்கா விமான நிலைய வாசலில் காருடன் காத்திருந்தார். எழுபதை நெருங்கிவிட்டார். இன்னும் அதே மாதிரி ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்து ஓட்டுகிறார். சுங்கச் சாலையில் எல்லோரும் எங்களை முந்திப்போனார்கள். பிளானோவின் லெகசி பகுதிக்கு வந்ததும் எனக்கு இடம் அடையாளம் தெரியவில்லை. முன்பு சாலையோரம் மாடு மேய்ந்த புல்வெளி இருந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே நிறுத்தி மாட்டோடு போட்டோ எடுப்போம். இப்போது கண்ணாடிக் கட்டடங்கள். அவற்றின் அடியில் நம் ஊர் மசாலா கடை, நம் ஊர் நகைக்கடை, நம் ஊர் பரதநாட்டிய வகுப்பு. அப்போதெல்லாம் கறிவேப்பிலைக்கு எவ்வளவு தூரம் போவோம் என்று சொன்னேன்.

"ஓம், இப்ப எல்லாம் கிட்டத்தான். மனிசர்தான் தூரம்," என்றார் அக்கா.

வீட்டில் புட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்திருந்தார். புட்டில் சொதியை ஊற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

சில மாதம் முன்பு ஒரு தகப்பன் கிளினிக்குக்கு வந்திருக்கிறான். மனைவியோடு விவாகரத்து வழக்கு. குழந்தை தாயிடம் இருந்தது. அன்று அந்தத் தாயும் குழந்தையும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்து வந்துவிட்டான். ஒரு கை ஜாக்கெட்டுக்குள். சத்தம் போட்டிருக்கிறான். ரோண்டா தாயையும் பிள்ளையையும் பின்பக்கம் மருந்து வைக்கும் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டி, கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். அக்கா வெளியே வந்து அவனை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, போலீஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஜாக்கெட்டுக்குள்ள என்னக்கா இருந்துச்சு?"

"ஒண்டும் இல்லை. பிள்ளையின்ர படம். ஆனா அது எங்களுக்கு அப்ப தெரியாதெல்லோ."

அடுத்த வாரம் ரோண்டா கேட்டாளாம். "டாக்டர், எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. பயிற்சி இருக்கிறது. மேலாடைக்குள் வைத்துக்கொள்கிறேன், யார் கண்ணிலும் படாது. அனுமதி கொடுங்கள்." அக்கா மாட்டேன் என்றார். காரணம் கேட்டாள். "என்ர கிளினிக்கிலே அது வேண்டாம்" என்பதைத் தவிர அக்கா எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து ரோண்டா ஒரு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டாள். அங்கே ஊழியர்கள் வைத்துக்கொள்ளலாமாம்.

"இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு, நாய்க்கு ஊசி போடப் போறா," என்று சொல்லி அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் புட்டு அப்படியே இருந்தது.

*

காலையில் கிளினிக்குக்குப் போனோம். அதே நீளமான ஒற்றை மாடிக் கடை வரிசை. ஒரு பக்கம் துணி வெளுக்கும் கடை, இன்னொரு பக்கம் கம்போடியக் குடும்பத்தின் டோனட் கடை. மாறியது கிளினிக்கின் கதவு. நான் இருந்தபோது அதில் ஒரே ஒரு அறிவிப்புதான் இருந்தது: லைசென்ஸ் உள்ளவர்களும் மறைத்து வைத்த துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது. சட்டப்படி எழுத்து இவ்வளவு பெரிதாக, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். இப்போது மூன்று அறிவிப்புகள். மறைத்து வைப்பவருக்கு ஒன்று, வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வருபவருக்கு ஒன்று. லைசென்ஸே தேவையில்லை என்று சட்டம் மாறிய பிறகு லைசென்ஸ் இல்லாதவருக்கும் ஒன்று. கண்ணாடி வழியாக உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

அந்த முதல் அறிவிப்பை ஒட்டியது நானும் ரோண்டாவும்தான். ஆகஸ்ட் வெயிலில் பின்கழுத்து தீய்ந்தது. ஒட்டியதும் ஸ்டிக்கருக்கு அடியில் காற்றுக் கொப்புளம் கொப்புளமாக வந்தது. நாக்கை அமுக்கிப் பார்க்கும் மரக்குச்சியால் ரோண்டா ஒவ்வொன்றாக நீவி வெளியேற்றினாள். தன் துப்பாக்கியைத் தானே கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் அறிவிப்பை அவ்வளவு சுத்தமாக ஒட்டினாள். "டாக்டருடைய கதவு. கோணலாக இருந்தால் எனக்குத்தான் அவமானம்," என்றாள். அந்த நாட்களில் அது அவ்வளவு சாதாரண விஷயம். வரிசையில் எல்லாக் கடையிலும் அந்த அறிவிப்பு இருந்தது. யாரும் அதைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை.

இப்போது எங்கள் கதவைத் தவிர எதிலும் இல்லை.

டோனட் கடை அம்மா என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு வெளியே வந்து கட்டிக்கொண்டார். காசு வாங்க மறுத்து, சூடான கொலாச்சே ஒன்றைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். மென்மையான பன்னுக்குள் ஸாஸேஜும் சீஸும். சாப்பிட்டுக்கொண்டே, உங்கள் கதவில் இருந்த அறிவிப்பு எங்கே என்று கேட்டேன்.

"கிழித்துவிட்டேன்," என்றார். கல்லாவுக்கு அடியில் கையைக் காட்டினார். "இங்கே ஒன்று இருக்கிறது. விடியும் முன்னே தனியாகக் கடை திறக்கிறேன். எங்கள் நாட்டில் துப்பாக்கி ஆட்சியைப் பிடித்தவர்கள் கையில் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் என் அப்பா இல்லை."

பிறகு சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கிளினிக். "டாக்டரும் யுத்தத்திலிருந்து வந்தவர். அவருக்கு வேறு மாதிரி புரிந்திருக்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. டோனட் மட்டும் அனுப்புவேன்."

கிளினிக்கில் வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில், கீழே கிடந்த பத்திரிகைகளை எடுத்து அடுக்கினேன். இரண்டு தமிழ் அம்மாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் போர்டு இருக்கறதாலதான் நான் இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி வரேன். பசங்க வர்ற இடம்."

"எனக்கு உல்டா. போர்டு போட்டா உள்ள யார்கிட்டயும் ஒண்ணும் இல்லைன்னு கெட்டவனுக்கு நாமளே சொன்ன மாதிரி ஆகாதா? என் ஹஸ்பண்டு முன்னாடி கன்னுன்னாலே திட்டுவார். இப்ப அவரே கிளாஸ் அட்டெண்ட் பண்றார்."

"கன்னும் காபி மாதிரி ஆயிடுச்சு, வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம்," என்று முதல் அம்மா சொன்னார். அவருடைய மகள் நிமிர்ந்து, "அம்மா, கேன் ஐ கெட் தி டைனோசார் ஒன்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் உள்கதவு திறந்தது. கையில் ஸ்டிக்கர் சுருளோடு ரோண்டா. முடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் போட்ட சத்தத்தில் உள்ளே எங்கோ ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

*

மறுநாள் மதியம் பக்கத்துப் பூங்காவில் ரோண்டாவோடு சாப்பிட்டேன். நான் புளியோதரை செய்து கொண்டுபோயிருந்தேன். அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"உன்னை எதற்கு வரவழைத்தார் என்று எனக்குத் தெரியும், வால்," என்றாள். வத்சலா என்பது அவள் வாயில் என்றைக்கும் வால்தான். "சொல்ல வந்ததைச் சொல்லிவிடு. அப்புறம் நிம்மதியாகச் சாப்பிடலாம்."

நான் சொன்னேன். அக்கா சாப்பிடாமல் இருப்பதை, மூன்று பேரும் ஒன்றாக இருந்த காலத்தை, எல்லாம். அவள் குறுக்கிடவில்லை. பிறகு கேட்டாள்.

"நீ என்னோடு வண்டி வரைக்கும் நடந்து வருவாயே, ஞாபகம் இருக்கிறதா?"

இல்லாமல் என்ன. அவளுடைய முன்னாள் கணவன் பார்க்கிங்கில் காத்திருந்த காலம் அது. கோர்ட் உத்தரவு இருந்தும் வருவான். வேலை முடிந்ததும் நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம், நடுவில் ரோண்டா என்று மூவரும் வண்டி வரைக்கும் நடப்போம். நான் பயந்து திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அக்கா மட்டும் உரக்கப் பேசிக்கொண்டே வருவார், மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றி.

"அப்போதுதான் லைசென்ஸ் எடுத்தேன்," என்றாள் ரோண்டா. "இப்போது லைசென்ஸே தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் இன்னும் புதுப்பிக்கிறேன். சுட்டுப் பார்க்க ஒழுங்காகப் போகிறேன். ஆசைக்காக இல்லை. டாக்டர் வேண்டாம் என்றதால் இத்தனை வருஷமும் வண்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஒரு நாள்கூட மீறவில்லை. ஆனால் அன்று அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது என் கையில் இருந்தது என்ன தெரியுமா? காது பார்க்கும் டார்ச். பின்னால் அந்தப் பிள்ளை அழுகிறது. என் வண்டி ஜன்னல் வழியாகத் தெரிகிறது. அவ்வளவு பக்கத்தில்."

"அவன்கிட்ட எதுவும் இல்லையே, ரோண்டா. உன்கிட்ட இருந்திருந்தா?"

அவள் கோபப்படவில்லை. "அதை நினைக்காத நாள் இல்லை. சுட்டிருக்க மாட்டேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் மறுபடி வெறும் கையோடு அங்கே நிற்க என்னால் முடியாது, வால். தூக்கம் வருவதில்லை. டாக்டர் காரணமாவது சொல்லியிருக்கலாம். முதலாளி வேலைக்காரிக்குச் சொல்வது மாதிரி 'வேண்டாம்' என்று சொன்னார். அதுதான் எனக்கு…"

முடிக்காமல் புளியோதரையில் ஸ்பூனை வைத்தாள். அவளோடு அந்தப் பார்க்கிங்கில் நடந்தவள் நான். எந்த வாயால் பயப்படாதே என்று சொல்வது?

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். "அவ இருக்க மாட்டாக்கா. நான் இனிமே கேக்கவும் மாட்டேன். ஆனா ஏன் வேண்டாம்னீங்கன்னு அவளுக்குச் சொல்லாம அனுப்பாதீங்க."

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "உமக்கே நான் சொன்னதில்லையே," என்றார்.

*

வெள்ளிக்கிழமை ரோண்டாவின் கடைசி நாள். கேக் வெட்டினார்கள். ரோண்டா ஊசி போட்ட குழந்தைகளில் சிலர் இப்போது தங்கள் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். டோனட் கடையிலிருந்து ஒரு பெரிய பெட்டி வந்தது. எல்லோரும் போன பிறகு, சாப்பாட்டு அறையில் நாங்கள் மூவர் மட்டும். அக்கா நாற்காலியை ரோண்டாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எனக்குப் படிப்பு முடிந்து முதல் வேலை, கடலோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான், ஒரு நர்ஸ், ஒரு உதவியாள். நர்ஸ் பெயர் திரேசா. என் வயதுதான். மூவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். யுத்தத்தில் காலம் கெட்டுப்போயிருந்தது. உதவியாள் எங்கிருந்தோ ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொண்டார். எங்களைக் காப்பாற்றத்தான். நல்ல மனிதர். அவரிடம் அது இருப்பது எனக்குத் தெரியும். நான்தான் பொறுப்பு டாக்டர். நான் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

"ஒரு நாள் ஆயுதத்தோடு ஆட்கள் வந்தார்கள். காயப்பட்ட ஒருவனைத் தேடி. எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்காதே, எந்தப் பக்கமானாலும் அதேதான் நடந்திருக்கும். தேடினார்கள், அவன் இல்லை, திரும்பிப் போகத்தான் போனார்கள். ஒருவன் திரேசாவைத் தள்ளினான். உதவியாளின் கை இடுப்புக்குப் போனது. எடுக்கக்கூட இல்லை. போனது, அவ்வளவுதான். அவர்கள் சுட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற திரேசா பிழைக்கவில்லை."

ரோண்டா தன் கேக் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அன்று அந்தத் தகப்பன் வந்தபோது, கதவுக்கு முன்னால் நின்ற உன்னைப் பார்த்தேன்," என்றார் அக்கா. "திரேசாவைத்தான் பார்த்தேன். உன் கையில் அந்த டார்ச்சைத் தவிர ஒன்றும் இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். அடுத்த வாரம் நீ வந்து கேட்டாய். எனக்கு வாய் வரவில்லை."

ரோண்டா அழுதுகொண்டிருந்தாள். மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள். "முன்னமே சொல்லியிருக்கலாம், டாக்டர்."

"சொல்லியிருந்தால் அனுமதி கேட்டிருக்க மாட்டாயா?"

ரோண்டா யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "கேட்டிருப்பேன். ஆனால் வேறு மாதிரி கேட்டிருப்பேன்."

"நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு மாதிரி சொல்லியிருப்பேன்."

திங்கட்கிழமை அவள் கால்நடை மருத்துவமனைக்குத்தான் போகப்போகிறாள். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே என்னைப் பார்த்து, "எனக்குப் பசிக்குது, வத்சலா. ஒரு கிழமையா ஒழுங்காச் சாப்பிடேல்லை," என்றார்.

ரோண்டாவுக்கு அந்த வார்த்தை மட்டும் புரிந்ததுபோல. பசி என்பதை இத்தனை வருஷம் எங்கள் வாயில் கேட்டிருக்கிறாள். "பார்பிக்யூ," என்று எழுந்தாள். "என் வண்டியில்."

அக்கா எங்கே போனாலும் தன் காரில்தான் போவார். அன்று அந்த உயரமான பிக்கப் வண்டியில், நான் பின்னாலிருந்து தாங்க, ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். ரோண்டா இருக்கைக்கு அடியிலிருந்த பூட்டுப் பெட்டியைத் திறந்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்று, எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வழக்கமாக வேலை முடிந்ததும் அவள் செய்வது அதுதானாம். பிறகு வண்டியை எடுத்தாள்.

பழைய பிளானோவில், தண்டவாளத்தை ஒட்டி, புகை படிந்த சுவரோடு ஒரு பார்பிக்யூ இறைச்சிக் கடை. முன்பு யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அங்கேதான் போவோம். கதவில் எந்த அறிவிப்பும் இல்லை. பார்க்கிங்கில் இறங்கியதும் ரோண்டா தயங்கினாள்.

"நான் இதை வண்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு வருகிறேன், டாக்டர். நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்."

அக்கா வண்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "வேண்டாம். கண்ணாடியை உடைத்து எவனாவது எடுத்துப்போனால்? உன்னிடம் இருப்பதைவிட அது மோசம். கிளினிக் என் கதவு, அங்கே நான் சொன்னேன். இது என் கதவு இல்லை."

உள்ளே நீளமான பெஞ்சுகள். நான் கோழியும் பீன்ஸும், ஊறுகாய் வெள்ளரியும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். ரோண்டா தட்டோடு வந்து அமர்ந்தாள். அக்கா தன் தட்டை ஏந்தியபடி நின்றுகொண்டே இருந்தார்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

ரோண்டா வலது இடுப்பை லேசாகத் தொட்டுக் காட்டினாள்.

அக்கா தலையசைத்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு அவளுடைய இடது பக்கம் வந்து, தோளோடு தோள் உரச உட்கார்ந்தார். ரோண்டா பிரிஸ்கெட் மாட்டிறைச்சித் துண்டிலிருந்து கொழுப்பை வெட்டி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை அவர் தட்டில் வைத்தாள்.